வந்து பன்னண்டு நாள்ல வரைஞ்ச படம்

"மூஞ்சி எங்கடி?"ன்னு அக்கா கேட்டா.

பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல வான் கோ படங்க இருக்குற அறைக்குள்ள நிக்கிறோம். கூட்டம் முழுக்க அவரோட நீலக்கலர் செல்ஃப் போர்ட்ரெய்ட் முன்னாடி மொபைல தூக்கிப் புடிச்சுட்டு நிக்குது. நாங்க ரெண்டு பேர் மட்டும் ஒரு சின்னப் படத்துக்கு முன்னாடி நின்னுட்டோம். அக்கா ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு நேரா எனக்காக வந்திருந்தா, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. நான் ஊர்லருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், ஈஃபில் டவர் இல்லாட்டியும் பரவால்ல, இந்த ஒரு படத்த மட்டும் நேர்ல பார்க்கணும்னு. கல்லூரில படிக்கிறப்போ ஒரு பழைய காலண்டர்ல பார்த்தது, அப்புறம் எத்தன வருஷமா லேப்டாப்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி பார்த்துட்டிருக்கேன். அவ்ளோ தூரம் வந்து நின்னா அக்கா கேக்குற மொத கேள்வியே இதுதான். சரியான கேள்வி. எனக்கும் மொத தடவ பார்த்தப்போ அதேதான் தோணுச்சு.

படத்தோட பேரு 'தோட்டத்துல மத்மொசெல் கஷே', மத்மொசெல்னா நம்ம செல்வி மாதிரி. 1890 ஜூன் மாசம் வரைஞ்சது. 46 சென்டிமீட்டர் உயரம், 55 சென்டிமீட்டர் அகலம், கைய பெருசா விரிக்காமலே தூக்கிட்டுப் போயிடலாம், அவ்ளோதான். ரோஜாச்செடிங்க அடர்த்தியா இருக்கு, பின்னாடி கரும்பச்சையா மரம், நடுவுல வெள்ள கவுன் போட்டு தலையில வைக்கோல் கலர் தொப்பியோட ஒரு பொண்ணு. கண்ணு, மூக்கு, வாய்னு தனியா எதுவும் சொல்ல முடியாது. தொப்பிக்குக் கீழ கொஞ்சம் தோல் நிறம், அவ்ளோதான் மூஞ்சி.

கிட்டப் போய் பார்த்தா (காவலுக்கு நிக்கிற அம்மா ஒரு பார்வ பார்த்தாங்க, அதுக்கு மேல போகல) அந்த ரோஜா ஒண்ணொண்ணும் வெள்ளப் பெயின்ட்ட கெட்டியா வச்சு பிரஷ்ஷ ஒரு சுழி சுழிச்சு எடுத்தது. மாவு கொஞ்சம் கெட்டியா இருக்கறப்போ விரல வச்சு எடுத்தா முனை மேல நிக்கும் பாருங்க, அந்த மாதிரி பெயின்ட் நிக்குது, அதோட ஓரத்துல லைட் பட்டு சின்னதா நெழல் கூட விழுது. எலைங்கல்லாம் கோடு கோடா, ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு பக்கம் ஓடுது. அந்தப் பொண்ணோட கவுனும் அதே மாதிரிதான், அதே வெள்ள, அதே அழுத்தம். ரோஜா முடிஞ்சு பொண்ணு ஆரம்பிக்கிற எடத்த கண்ணால தேடணும். போட்டோல இது தெரியவே தெரியாது, போட்டோல அவ தோட்டத்துக்கு நடுவுல நிக்கிற மாதிரி இருக்கும், நேர்ல பார்த்தா அவளும் அந்தச் செடிங்களோட சேந்து மொளச்ச மாதிரி இருக்கா.

அதே மியூசியத்துல இன்னொரு தோட்டம் இருக்கு, அதையும் பார்த்துட்டு வந்தோம். மோனே 1866-67ல வரைஞ்ச 'தோட்டத்துல பெண்கள்'. ரெண்டரை மீட்டர் உயரம், ரெண்டு மீட்டருக்கு மேல அகலம். வெளியில, வெயில்ல வச்சுதான் வரையணும்னு அவருக்கு ஒரு வைராக்கியம், அவ்ளோ பெரிய துணிக்கு மேல் பாகம் எட்டாதுன்னு தோட்டத்துல பள்ளம் வெட்டி படத்த கீழ எறக்கி எறக்கி வரைஞ்சாரு. பின்னாடி அவர் கல்யாணம் பண்ணிக்கிட்ட கமீல்தான் அதுல இருக்குற பொண்ணுங்களுக்கு போஸ் குடுத்தது. அந்த வருஷ சலோன் கண்காட்சில படத்த எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, கூட்டாளி பஸீல்தான் 2,500 ஃப்ராங்க்குன்னு பேசி மாசம் 50 ஃப்ராங்க் தவணைல வாங்கினாரு, அது உதவி பண்றதுக்காக வாங்கினது. அந்தப் படத்துல வெயிலுதான் எல்லாம். கவுன் மேல வெயில், பாத மேல மர நெழல், எந்த எடத்துல எவ்ளோ வெளிச்சம்னு கணக்கு பண்ணி பண்ணி வச்சிருக்காரு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அங்க இருக்குற பொண்ணுங்க கவுன காட்டறதுக்காகவே தோட்டத்துக்கு வந்த மாதிரி இருக்காங்க.

அங்கருந்து இங்க வர்றதுக்கு 24 வருஷம் ஆச்சு. மோனே கூட்டத்துக்கு அப்புறம் வந்த வான் கோ மாதிரி ஆளுங்களோட பாணிக்கு போஸ்ட் இம்ப்ரெஷனிசம்னு பேர் வச்சது கூட அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, 1910ல லண்டன்ல ராஜர் ஃப்ரைங்கிறவர் ஒரு கண்காட்சி வச்சப்போ. அதுக்குள்ள வான் கோ, கோகன், செஸான், ஸோரா நாலு பேருமே செத்துப் போயிட்டாங்க. பேர் என்ன வேணா இருக்கட்டும், வித்தியாசம் அந்த ரெண்டு வெள்ள கவுன பார்த்தாலே புரியுது. மோனேவோட வெள்ள, வெயில் பட்ட துணி. வான் கோவோட வெள்ள, அவர் கை போன வேகம்.

சரி, மூஞ்சிக்கு வர்றேன்.

1890 மே 20ந்தேதி வின்சென்ட் வான் கோ ஓவேர்ங்கிற ஊருக்கு வந்து சேர்றாரு. பாரிஸுக்கு வடக்க கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், வாஸ் ஆத்தங்கரை. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் தெக்க ஸான் ரேமில மனநல ஆஸ்பத்திரில இருந்தாரு. ஓவேர்ல கஷேன்னு ஒரு டாக்டர் இருக்காரு, படம் வரையறவங்க மேல அவருக்கு உயிரு, பார்த்துக்குவாருன்னு தம்பி தியோகிட்ட சொன்னது பிஸாரோங்கிற ஓவியர். டாக்டரும் கொஞ்சம் வரைவாரு, பால் வான் ரிஸெல்னு வேற பேர்ல கையெழுத்து போடுவாரு. வின்சென்ட் ஒரு காஃபே மாடில நாளுக்கு மூணரை ஃப்ராங்க் குடுத்து ரூம் எடுத்தாரு. டாக்டர் வீட்டுக்கு மொத தடவ போனப்போ, உள்ள பூரா கறுப்பு, கறுப்பு, கறுப்புன்னு தம்பிக்கு எழுதறாரு, பழைய சாமானா அடச்சு வச்சிருக்காங்க, சுவத்துல இருக்குற படங்க மட்டும்தான் வெளிச்சம்னு.

டாக்டருக்குப் பொண்டாட்டி இல்ல, 1875லயே காலமாயிட்டாங்க. மூத்தது மார்கரீத், 1869ல பொறந்தவ. அடுத்தது பையன், அப்பா பேர்தான், பால். முற்றம் நெறைய பூனை, நாய், கோழி, முயல், வாத்து, புறான்னு ஒரே சத்தம். அந்த வீட்டுக்கு வின்சென்ட சாப்பிடக் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு தடவயும் நாலு அஞ்சு வக சமைச்சு வரிசையா கொண்டாந்து வைப்பாங்களாம். அவருக்கு அது பெரிய அவஸ்தை. டாக்டருக்கே வயிறு சரியில்ல, அவருக்கும் இது அவஸ்தைதான், ஆனா அந்தக் காலத்துல குடும்பமா உக்காந்து சாப்ட்டது அவருக்கு ஞாபகம் வருது போல, அதான் நான் எதுவும் சொல்லலன்னு தம்பிக்கு எழுதறாரு. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்த மனுஷன் மேல அவ்ளோ பிரியம். காத அறுத்துக்கிட்டவர்னு உலகம் பூரா சொல்லுது, அந்த ஆளு இன்னொருத்தர் மனசு நோகக்கூடாதுன்னு எறங்காத சாப்பாட்ட எறக்கிட்டு உக்காந்திருக்காரு.

அந்த மாதிரி ஒரு ஞாயித்துக்கெழமை, ஜூன் 1. வந்து பன்னண்டு நாள் ஆகுது. அன்னைக்குத்தான் இந்தப் படம். ஜூன் 3ந்தேதி லெட்டர்ல தம்பிகிட்ட ஒரே வரில சொல்லிட்டுப் போறாரு, போன ஞாயித்துக்கெழமை வெள்ள ரோஜா, திராட்சக்கொடி, அதுக்குள்ள ஒரு வெள்ள உருவம்னு. அந்த எடத்துல பேர் கூட சொல்லல. உருவம். அவ்ளோதான்.

ஆனா அதே லெட்டர்ல அவ அப்பாவ வரைஞ்சிட்டிருக்கறத பத்தி எவ்ளோ எழுதறாரு! வெள்ளத் தொப்பி, நீலக் கோட்டு, கையோட நிறம், செவப்பு மேஜை, அது மேல மஞ்ச புக்கு, டிஜிடாலிஸ் செடி. அந்தப் படம் எல்லாருக்கும் தெரியும், கன்னத்துல கைய முட்டுக் குடுத்துக்கிட்டு டாக்டர் உக்காந்திருப்பாரு, 1990ல 82.5 மில்லியன் டாலருக்கு ஏலம் போச்சு. அதுல மூஞ்சிதான் மொத்தமும், கவலையெல்லாம் அந்த நெத்திலயும் கண்ணுக்குக் கீழயும் கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி வில்லுக்கு எழுதறாரு, என் தொழில்ல மத்த எல்லாத்த விடவும் எனக்கு உயிரு போர்ட்ரெய்ட்தான், நூறு வருஷம் கழிச்சு பார்க்கறவங்களுக்கு எதிர்ல ஆவி வந்து தோணின மாதிரி இருக்கற போர்ட்ரெய்ட் பண்ணணும்னு. மூஞ்சி மேல அவ்ளோ ஆசை வச்சிருந்த ஆளு, அதே வாரத்துல, ஒரு இருபது வயசுப் பொண்ண எதிர்ல நிக்க வச்சுட்டு மூஞ்சிய விட்டுட்டாரு. நேரம் பத்தலன்னு என்னால நம்ப முடியல. வேகமா வரையற மனுஷன்தான், அந்த ஊர்ல இருந்த 70 நாள்ல 70க்கு மேல படம் வரைஞ்சிருக்காரு. மூஞ்சி வேணும்னா ஒரு மணி நேரத்துல வச்சிருப்பாரு.

எனக்குப் படறது என்னன்னா, பன்னண்டு நாள் பழக்கத்துல ஒருத்தங்க வீட்டுப் பொண்ண எவ்ளோ பார்க்கலாமோ அவ்ளோதான் அவர் பார்த்திருக்காரு. ஒரு வீட்டுக்கு புதுசா சாப்பிடப் போறோம், அந்த வீட்டுப் பொண்ணு தோட்டத்துல ஏதோ வேலையா நிக்கிறா, நாம திண்ணைல உக்காந்திருக்கோம், பார்க்காம இருக்க முடியாது, உத்துப் பார்க்கவும் கூடாது. வெள்ள கவுன் தெரியும், தொப்பி தெரியும், எந்தச் செடிகிட்ட குனியறான்னு தெரியும். அதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி வரைஞ்சா அது பொய். அந்தத் தூரத்த அப்படியே வச்சு வரைஞ்சிருக்காரு. இத்தன வருஷம் பார்த்ததுல நான் வந்து நின்ன எடம் இதுதான், இத அங்கயே நின்னு அக்காகிட்டயும் சொன்னேன். அவ, "அப்போ அப்புறம் வரைஞ்சாரா?"ன்னா.

வரைஞ்சாரு! அதான் விஷயமே. இன்னும் நாலு வாரம் கழிச்சு, ஜூன் கடைசில, மார்கரீத் பியானோ வாசிக்கிற மாதிரி ஒரு படம். ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், ஒல்லியா நெட்டுக்குத்தா. இப்போ அது ஸ்விட்சர்லாந்துல பாஸல் மியூசியத்துல இருக்கு. இந்த தடவ லெட்டர்ல பேர் சொல்றாரு, மத்மொசெல் கஷேவ நேத்தும் முந்தாநேத்தும் உக்காந்து வரைஞ்சேன், கவுன் ரோஸ் கலர், பின்னாடி சுவரு பச்சை அதுல ஆரஞ்சுப் புள்ளி, கம்பளம் செவப்பு அதுல பச்சப் புள்ளி, பியானோ கரு ஊதான்னு வரிசையா எழுதிட்டு, சந்தோஷமா வரைஞ்சேன், ஆனா கஷ்டம்னு முடிக்கிறாரு. அதுல மூஞ்சி இருக்கு. பாதி மூஞ்சி. பக்கவாட்டுல, கண்ணு பியானோ மேல, நம்ம பக்கம் திரும்பல. தோட்டத்துலருந்து வீட்டுக்குள்ள வந்தாச்சு, வெள்ள உருவம்ங்கறது போயி பேர் வந்தாச்சு, ஒரு பக்கம் தெரியுது.

மூணாவதும் ஒண்ணு வர வேண்டியது. சின்ன ஆர்கன் பொட்டி வாசிக்கிற மாதிரி இன்னொரு தடவ போஸ் குடுக்கச் சொல்றேன்னு டாக்டர் வாக்கு குடுத்திருக்காருன்னு அதே லெட்டர்ல இருக்கு. ஜூலை 27 வின்சென்ட் தன்ன சுட்டுக்கிட்டாரு, 29 விடியக்காலைல தம்பி பக்கத்துல இருக்கறப்போ போயிட்டாரு. 37 வயசு. மூணாவது படம் வரல. அதுல அவ திரும்பிப் பார்த்திருப்பாளோன்னு எனக்கு ஒரு ஏக்கம் எப்பவும் உண்டு.

இந்த எடத்துல ஜனங்க உடனே காதல் கதைக்குப் போயிடுவாங்க. அவ அவர விரும்பினா, அப்பாக்காரர் எதிர்த்தாரு, அதனாலதான் அவர் சுட்டுக்கிட்டாரு, அதனாலதான் அவ கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலன்னு. அவர் எழுதின லெட்டருங்கள்ல அப்படி ஒரு வார்த்த கெடையாது. எனக்கு இந்தக் கதைய கேட்டா நெஜமாவே கோவம் வரும். ஒரு பொண்ணு கல்யாணம் ஆகாம இருந்தா அதுக்கு காரணமா ஒரு ஆம்பளைய கொண்டாந்து நிறுத்தியே ஆகணுமா? அதுவும் படத்த பாருங்க, காதலிச்சவன் பார்வ அப்படியா இருக்கும்? அவ செடிகிட்ட இருக்கா, அவ வேலைய அவ பார்க்கறா, அவர் தள்ளி நிக்கிறாரு. அதுல இருக்கறது மரியாதை. அந்த ஞாயித்துக்கெழமைல அவருக்கு கெடச்ச நிம்மதி. அடுத்த ஞாயிறு, ஜூன் 8, தியோ தன் பொண்டாட்டி யோவையும் நாலு மாசக் கைக்குழந்தையையும் கூட்டிட்டு அதே வீட்டுக்கு வந்தாரு, வின்சென்ட் அந்தக் குழந்தைக்கு ஒரு பறவைக்கூட்ட வெளையாடக் கொண்டு வந்து குடுத்து, தூக்கிட்டுப் போய் முற்றத்துல இருக்குற பிராணிங்களையெல்லாம் காட்டினாருன்னு பின்னாடி யோ எழுதி வச்சிருக்காங்க. அந்த வீட்டுத் தோட்டம் அவருக்கு என்னவா இருந்துச்சுன்னு அதுலயே தெரியுது.

நாங்க மியூசியம் போயிட்டு வந்த அடுத்த ஞாயித்துக்கெழமை அக்காவுக்கு லீவு. காலைலயே தக்காளி சாதம் கட்டிக்கிட்டு கார் து நோர் ஸ்டேஷன்லருந்து ரயில் ஏறி ஓவேர் போனோம். மொதல்ல கல்லறை. சுவரு ஓரமா அண்ணனும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டு சின்னக் கல்லு, மேல ஐவிக்கொடி ஒண்ணா படர்ந்து எது யாரோடதுன்னு பிரிக்க முடியாம கெடக்கு. தியோவும் ஆறு மாசத்துல போயிட்டாரு, 1914லதான் யோ அவர இங்க கொண்டாந்து அண்ணன் பக்கத்துல வச்சாங்க. அக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, நானும் பேசல.

அப்புறம் ஊரோட இன்னொரு கோடி வரைக்கும் நடந்து டாக்டர் வீடு. இப்போ அரசாங்கத்தோடது, 2003லருந்து பொதுமக்கள் பார்க்க தொறந்து விட்டிருக்காங்க. ரோட்டுலருந்து பார்த்தா வீடு உயரத்துல, சரிவுல நிக்குது, தோட்டம் மேடு மேடா ஏறுது, பின்னாடி உடனே சுண்ணாம்புப் பாறை. நான் மனசுல நெனச்சிருந்தத விட ரொம்பச் சின்னத் தோட்டம். இவ்ளோ நெருக்கமான எடத்துல நின்னு வரைஞ்சிருக்காரு, ஆனா படத்துல அந்தத் தூரம் எப்படி வந்துச்சுன்னு நெனச்சா ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

இந்த வீட்டுலதான் மார்கரீத் கடைசி வரைக்கும் இருந்தா. அப்பா 1909ல போனாரு. அவளும் தம்பி பாலும் இங்கயே, ரெண்டு உலகப் போரும் தாண்டி. பியானோ படம் அவ ரூம்ல இருந்துச்சு, 1934ல அத பாஸலுக்கு வித்துட்டாங்க. தோட்டத்துப் படம் எங்கயும் போகல. மார்கரீத் 1949ல, எம்பது வயசுல காலமானா. 1949லருந்து 1954 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அந்த வீட்டுப் படங்க நெறைய ஃப்ரான்ஸ் அரசாங்கத்துக்கு தானமா போச்சு, அதுல ஒண்ணாத்தான் இதுவும் மியூசியத்துக்கு வந்துச்சு. 59 வருஷம் அந்தப் படமும் அந்தத் தோட்டமும் அவளும் ஒரே எடத்துல இருந்திருக்காங்க. படத்துல இருக்குற ரோஜாச்செடி பட்டுப் போயி, வேற வச்சு, அதுவும் போயி, எத்தன தடவ மாத்தியிருப்பாங்க. தொப்பிக்குக் கீழ இருக்குற அந்தத் தோல் நிறம் மட்டும் இருபது வயசுலயே நின்னுருச்சு. மூஞ்சிய வரையாம விட்டதால அது எந்த வயசு மார்கரீத்தாவும் இருக்கலாம், எழுவது வயசுல வந்து பார்த்தாலும் அவளுக்கு அது அவதான்.

நான் கீழ கேட்டுகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தேன். அக்கா அதுக்குள்ள படி ஏறி மேல போயிட்டா. அன்னைக்கு அவ வெளிர் மஞ்சள் குர்தா போட்டிருந்தா, வெயிலுக்கு துப்பட்டாவ தலைல போட்டுக்கிட்டு ஒரு செடிய குனிஞ்சு மோந்து பார்த்துட்டு நிமிந்தா. வெயில் எனக்கு எதிர்ல. சிரிக்கிறாளா, கண்ணு கூசி சுருக்கிக்கிட்டு நிக்கிறாளான்னு தெரியல. நான் மொபைல கீழ எறக்கிட்டேன்.

"அங்கயே நிக்கிற? வாடி மேல, இங்க நெழலா இருக்கு"ன்னு கத்தினா.

போனேன். படில உக்காந்து தக்காளி சாதத்த பிரிச்சோம்.